கடை இல்லாத ஊரில் பொருத்தமான ஹாக்கி ஸ்கேட் வாங்குவது எப்படி?

கனடாவின் வடபகுதியில் இருக்கிறீர்கள், பக்கத்தில் கடை இல்லை, ஹாக்கி ஸ்கேட்டை, அதாவது பனியில் சறுக்க அடியில் பிளேடு பொருத்திய ஷூவை, தபாலில்தான் வரவழைக்க வேண்டும் என்கிறீர்கள். வரவழைக்கலாம், ஆனால் ஷூ அளவை அப்படியே எழுதி அனுப்பிவிடாதீர்கள். ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டின் எண் பொதுவாக ஷூவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாக இருக்கும்.

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது தாளின்மேல் நின்று இரண்டு பாதங்களையும் அளந்துகொள்ளுங்கள். நீளமும் அகலமும் எல்லோரும் பார்ப்பார்கள். மறப்பது பாதத்தின் உயரத்தை. ஸ்கேட் தயாரிக்கும் பாவர் நிறுவனம் ஃபிட் 1, 2, 3 என்று பிரித்திருப்பது அதையும் சேர்த்துத்தான்: 1 ஒல்லியான பாதத்துக்கு, 3 அகன்று தடித்ததற்கு.

வந்ததும் மெல்லிய காலுறையோடு, கம்பளத்தின்மேல் போட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முனையை லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். பிறகு கயிற்றைத் தளர்த்தி, ஸ்கேட்டின் நாக்கை முன்னே இழுத்து, மேலிருந்து மூன்றாவது துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். அது பாதத்தில் முட்டினால் ஆழம் போதவில்லை. நீளம் போதாவிட்டாலும் ஸ்கேட்டைச் சூடாக்கி வளைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள், சூடு கணுக்காலோடு ஒட்டவைக்கும், நீளத்தைக் கூட்டாது. முடிவு செய்யும்வரை பிளேடைத் தீட்டவும் கொடுக்காதீர்கள். தீட்டியதைப் பெரும்பாலும் திரும்ப வாங்கமாட்டார்கள்.