மலிவு டூல்ஸ்: எது தேறும், எது பல் இளிக்கும்?

தள்ளுபடி விலையில் வரும் கைக்கருவிகள், பட்டறைச் சாமான்கள் பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஆன்லைனில் 46 பீஸ், 100 பீஸ் என்று டூல் பெட்டிகள் தள்ளுபடியில் வருகின்றன. ஒன்றை வாங்கிப் போட்டால் வீட்டுக்கும் பைக்குக்கும் ஆகுமா?
வாசகர், பெரம்பூர்

46 பீஸ் பெட்டியை வாங்கலாம். 100 பீஸ் பெட்டி வேண்டாம்.

46 பீஸ் பெட்டியில் இருப்பது கால் அங்குல ராட்செட் (கழற்றி மாட்டாமலே திருகிக்கொண்டு போகும் கைப்பிடி), போல்ட் தலையில் கவிழும் 4 முதல் 14 மி.மீ. வரை சாக்கெட்டுகள், மீதியெல்லாம் ஸ்குரூ திருகும் பிட்டுகள். பைக்கின் சைடு பேனல், டூம், கிளட்ச் லீவர் மாதிரி இடங்களில் வருவது பெரும்பாலும் 8, 10 மி.மீ. தலை போல்ட்டுகள்தான். அதற்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். ராட்செட் பிடியில் பைப்பைச் செருகி நீட்டி இழுத்தால் மட்டும் உள்ளே இருக்கும் சின்னப் பல் போய்விடும். ஆக்ஸில் நட்டுக்கு இதைத் தொடவே கூடாது. உங்கள் வண்டியின் நட்டு 17-ஆ 19-ஆ என்று பார்த்து, ஒரு ரிங் ஸ்பேனர் தனியாக வாங்கிவிடுங்கள்.

100 பீஸ் பெட்டியில் சுத்தியல், பிளேயர், ரம்பம், டேப் என்று எல்லாமே இருக்கும். ஒன்றும் உருப்படியாக இருக்காது. பிளேயர் தாடை மெத்தென்று இருக்கும், இரண்டு ஆணியை வெட்டினால் வாயில் பள்ளம் விழும். அந்தக் காசுக்குத் தபாரியா, ஸ்டான்லி மாதிரி ஒரு பிராண்டில் 8 அங்குல கட்டிங் பிளேயர், ஸ்டார் ஒன்று, தட்டை ஒன்று என இரண்டு ஸ்குரூ டிரைவர், 500 கிராம் சுத்தியல் என்று உதிரியாக எடுங்கள். கடையிலேயே பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் வாயில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. மெல்லிய காகிதத்தைக் கொடுத்து வெட்டினால் நறுக்கென்று விழ வேண்டும். மடிந்து மாட்டிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்துவிட்டால் ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சாதாரண உறை கை வழுக்காமல் இருக்கத்தான். மின் வேலைக்கு என்றே சோதித்து வரும் கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அது இருந்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

என் பைக்கில் ஸ்டார் ஸ்குரூ எதைக் கழற்றினாலும் தலை மழுங்கிவிடுகிறது. ஸ்குரூ டிரைவர் மட்டமா?
வாசகர், கொளத்தூர்

மட்டமாகவும் இருக்கலாம், பொருந்தாததாகவும் இருக்கலாம். ஜப்பானிய வடிவமைப்பில் வரும் வண்டிகளில் சில ஸ்டார் ஸ்குரூக்களின் தலையில் ஊசிமுனை அளவு புள்ளி இருக்கும். அவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தரத்தில் செய்தவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் முனை அந்தக் குழிக்குள் முழுதாக இறங்காது. பக்கவாட்டில் சரியாகப் பிடிக்காது, திருகினால் மேலே எகிறும். ஜே.ஐ.எஸ். 2-ஆம் நம்பர் ஸ்குரூ டிரைவர் ஒன்று கேட்டு வாங்குங்கள். இறுகிப் போன ஸ்குரூவை முதலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்குரூ டிரைவரின் பின்பக்கம் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அழுத்திக்கொண்டே திருப்புங்கள்.

கேட், கிரில் வேலைக்குப் பெயர் தெரியாத கம்பெனியின் 4 அங்குல கிரைண்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? டிஸ்க் மூட்டையாக வாங்கி வைத்தால் லாபமா?
வாசகர், அம்பத்தூர்

கிரைண்டரை விட டிஸ்க்கைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

மெஷின் மட்டமாக இருந்தால் என்ன ஆகும்? கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும், ஸ்விட்ச் மக்கர் பண்ணும், கியர் ஹெட்டில் கிரீஸ் போதாமல் சூடேறும், பேரிங் கத்தும். எரிச்சல்தான், ஆனால் காசோடு போகும். வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை என்றால் மலிவு மெஷினே போதும். அதற்குக் கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே கேட்டு, ஒரு ஜோடியைக் கையோடு வாங்கிவிடுங்கள். தினமும் ஓடும் பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது.

டிஸ்க் அப்படியல்ல. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டி ஓடும். அந்த வேகத்தில் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் டிஸ்க் மீது மூன்று விஷயங்களைப் படியுங்கள். முதலாவது வேக வரம்பு: நல்ல 100 மி.மீ., அதாவது 4 அங்குல டிஸ்க்கில் நிமிடத்துக்கு 15,200 அல்லது 15,300 சுற்று என்று இருக்கும், கூடவே நொடிக்கு 80 மீட்டர் என்றும் போட்டிருக்கும். இரண்டாவது, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் அச்சடித்த காலாவதி மாதமும் ஆண்டும். மூன்றாவது, தயாரிப்பாளர் பெயர். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த டிஸ்க் வேண்டாம். நம் திருவொற்றியூரிலேயே ஆலை வைத்திருக்கும் கார்போரண்டம் யுனிவர்சல் மாதிரி கம்பெனிகளின் டிஸ்க் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்போது பெயரில்லாத டிஸ்க்கில் நாலு காசு மிச்சம் பிடிப்பது வீண்.

காலாவதித் தேதி மருந்துக்குப் போடுவது மாதிரி சும்மா சம்பிரதாயம் என்று சிலர் சிரிப்பார்கள். கட்டிங் டிஸ்க்கின் மணலைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் பசை. அது ஈரத்தை இழுத்து நாளடைவில் வலுவிழக்கும். சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். வழக்கமாகத் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு தருவார்கள். தள்ளுபடியில் மூட்டையாகத் தள்ளிவிடுவது பல நேரம் தேதி நெருங்கிய சரக்கு. ஆறு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்கி, மூடிய டப்பாவில் படுக்கை வாக்கில் அடுக்கி வையுங்கள். பெஞ்ச் கிரைண்டர் கல்லைத் தட்டிப் பார்த்து ‘டங்’ என்று ஒலிக்கிறதா என்று சோதிப்பார்களே, அந்தச் சோதனை இந்த டிஸ்க்குக்குப் பலிக்காது.

1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். டிஸ்க்கை மூடியிருக்கும் தகட்டு கார்டைக் கழற்றிவிட்டு 5 அங்குல டிஸ்க் மாட்டாதீர்கள். அதன் வரம்பு 12,200 சுற்றுதான், மெஷின் அதை ஒட்டியே ஓடும். மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது கையைப் பதம் பார்க்கிற வேலை. புது டிஸ்க் மாட்டியதும் ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்ட பிறகே இரும்பில் வையுங்கள். கண்ணாடி கட்டாயம். தோளில் துண்டு, இடுப்பில் லுங்கி இரண்டும் கூடாது.

கர்ட்டன் ராடு மாட்ட வேண்டும். ‘88 வோல்ட்’ என்று போட்ட கார்ட்லெஸ் டிரில் மலிவாக வருகிறது. பிராண்ட் டிரில்லே 18 வோல்ட்தானே?
வாசகர், வேளச்சேரி

அந்த 88 வெறும் ஸ்டிக்கர். இந்த ரக டிரில்களின் பேட்டரிக்குள் 5 லித்தியம் செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, ஆக 21. பிராண்ட்காரர் 18 என்று எழுதுகிறார், மலிவுக்காரர் 21 என்கிறார், அவருக்கும் மேலே போனவர் 48, 88, 128 என்று மாடல் நம்பரை வோல்ட் மாதிரி அச்சடிக்கிறார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஸ்குரூ முடுக்க, பிளைவுட்டில் துளை போட இந்த டிரில் ஓகே. கர்ட்டன் ராடுக்குத்தான் இது ஆகாது. ஃபிளாட்டுகளில் ஜன்னலுக்கு மேலே பிராக்கெட் வரும் இடம் நேராக லிண்டல் என்கிற ஜன்னல் மேல் உத்தரத்தின் கான்கிரீட்டில் விழும். இதில் இருக்கும் ‘இம்பாக்ட்’ வெறும் பல்சக்கரத்தின் அதிர்வு, செங்கலில் போகும், கான்கிரீட்டில் அரை அங்குலம் போய் நின்றுவிடும். மேலும் அழுத்தினால் பிட் நுனி சிவந்து கருகும். அதற்கு எஸ்.டி.எஸ். பிளஸ் பிட் போடும் ரோட்டரி ஹேமர் வேண்டும். உள்ளே பிஸ்டன் காற்றழுத்தத்தில் பிட்டை அடிக்கும், நீங்கள் சும்மா தாங்கிப் பிடித்தால் போதும். நாலு ஓட்டைக்காக அதை வாங்க வேண்டாம். ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், அல்லது அதை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெயரில்லாத பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மே மாத வெயிலில் காருக்குள்ளும் விடாதீர்கள்.

சின்ன டூ வீலர் ஒர்க்‌ஷாப் போடப் போகிறேன். ‘3 எச்.பி.’ கம்ப்ரஸர் பாதி விலைக்குச் சொல்கிறார்கள். பழைய கம்ப்ரஸரும் கிடைக்கிறது. எது நல்லது?
வாசகர், பல்லாவரம்

எச்.பி.யை நம்பாதீர்கள், நேம் பிளேட்டில் ஆம்பியரைப் பாருங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். 3 எச்.பி. என்றால் 2,200 வாட்டுக்கு மேல். நேம் பிளேட்டில் 230 வோல்ட், 4.5 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 1,035 வாட். உள்ளே போகிற கரண்டே அவ்வளவுதான் என்றால் வெளியே 3 எச்.பி. எங்கிருந்து வரும்?

கடையிலேயே இன்னொரு சோதனை செய்யலாம். டேங்கைக் காலி செய்துவிட்டு, அழுத்தம் 8 பார் ஏற எத்தனை நிமிடம் என்று மொபைலில் பாருங்கள். 24 லிட்டர் டேங்க் என்றால் 24-ஐ 8-ஆல் பெருக்கினால் 192 லிட்டர் காற்று. 2 நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 96 லிட்டர், அதாவது ஏறக்குறைய 3.4 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு). டயருக்குக் காற்று, கார்புரேட்டர் ஊத, செயின் துடைக்க இது போதும். ஸ்பிரே பெயின்ட், காற்றில் ஓடும் நியூமேட்டிக் கன் என்றால் நீங்கள் வாங்கப்போகும் கன்னின் சி.எஃப்.எம். தேவையைப் பார்த்து, அதற்கு மேல் தரும் கம்ப்ரஸரை எடுங்கள்.

ஆயில்-ஃப்ரீ ரகம் விலை குறைவு, ஆனால் காதைக் கிழிக்கும், நாள் முழுக்க ஓட்டினால் பிஸ்டன் ரிங் தேயும். ஒர்க்‌ஷாப்புக்கு ஆயில் ஊற்றும் பெல்ட் ரகமே சரி. புதிதாக வாங்கக் காசு போதாவிட்டால் மோட்டாரும் ஹெட்டும் பழையதாக இருந்தால் பரவாயில்லை, பிரித்துச் செப்பனிடலாம். டேங்க் மட்டும் பழையதாக இருக்கக் கூடாது. அழுத்தும்போது காற்றின் ஈரம் தண்ணீராகி டேங்க் அடியில் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு அரித்திருக்கும். அடியில் வெல்டிங் ஒட்டுப் போட்டிருந்தால் பேரமே பேசாமல் கிளம்புங்கள்.

எந்தக் கம்ப்ரஸரானாலும் சாயங்காலம் கடை மூடும்போது அடி டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒரு முறை இழுத்து, காற்று வருகிறதா என்று பாருங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் மஞ்சள் நிற மல்டிமீட்டர் போதுமா?
வாசகர், மயிலாப்பூர்

பைக் பேட்டரிக்கும் பல்புக்கும் போதும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும், இன்ஜின் ஓடும்போது 13.5-க்கு மேல் 14.5-க்குள் காட்ட வேண்டும்.

வீட்டு 230 வோல்ட்டுக்கு அதை எடுக்காதீர்கள். அந்த மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்திலேயே ‘ஃப்யூஸ் இல்லை’ என்று எழுதியிருக்கும். சிவப்பு ஒயரை மறதியாக அந்தத் துளையில் வைத்துக்கொண்டு பிளக் பாயின்ட்டைத் தொட்டால் நேர் ஷார்ட் சர்க்யூட், கையில் இருக்கும்போதே வெடிக்கும். மெயின்ஸ் பார்க்க ‘கேட் 3, 600 வோல்ட்’ என்ற பாதுகாப்புத் தரமுள்ள, எல்லா ஆம்பியர் துளைக்கும் ஃப்யூஸ் உள்ள மீட்டர் வேண்டும். இன்னொன்று, மலிவு மீட்டரின் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் எல்லா அளவும் கூடுதலாகக் காட்டும். செத்த பைக் பேட்டரியை நல்லது என்று சொல்லிவிடும்.

கார் வேலைக்கு 2 டன் டிராலி ஜாக்கி தள்ளுபடியில் வாங்கலாமா?
வாசகர், தாம்பரம்

வாங்கலாம், தூக்க மட்டும். உள்ளே ஒரு ரப்பர் சீல் போனால் வண்டி இறங்கிவிடும். காருக்கு அடியில் போவதென்றால் வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி கட்டாயம், அதில் மலிவு பார்க்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக் கொடுக்கவே கூடாது. ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

கடலோர வீடு. வாங்கிய டூல்ஸ் எல்லாம் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. தூக்கிப் போடுவதா?
வாசகர், ராயபுரம்

வேண்டாம். நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் சிட்ரிக் ஆசிட் வாங்குங்கள். கடைக்காரரிடம் எலுமிச்சை உப்பு என்றாலும் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஸ்பேனர், பிளேயரை ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் மெஷின் ஆயில் தடவாவிட்டால் மறுநாளே மஞ்சள் பூத்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மூட்டு இறுகும். குரோம் பூச்சு உரிந்துகொண்டிருக்கும் சாக்கெட்டை ஊறவைக்காதீர்கள், பூச்சு இன்னும் கழன்று வரும்.

பிராட்வே பக்கம் பிராண்ட் டிரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஒரிஜினலா?
வாசகர், வில்லிவாக்கம்

பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முகவரி, மாதம் ஆண்டு இருக்கிறதா, மெஷினில் பொறித்த சீரியல் நம்பரும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் அந்த நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டீர்கள்.

மலிவு ரசமட்டம் சரியாகக் காட்டுமா?
வாசகர், போரூர்

கடை மேசை மீது வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி மறுபடியும் மேசையின் அதே பக்கத்தில், அதே அளவில் நின்றால் மட்டம் சரி, மேசைதான் கோணல். பக்கமோ அளவோ மாறினால் அடுத்ததை எடுத்துப் பாருங்கள். ஒரே விலையில் பத்து இருந்தால் இரண்டு மூன்றாவது தேறும்.