நேரலை வகுப்புக்குப் பாடம் அமைப்பது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருள் பாடத்தை நேரில் இரண்டு மணி நேரம் நடத்துகிறேன். அதையே ஜூமில் எடுத்தால் 24 மாணவர்களில் பாதிப்பேர் கேமராவை அணைத்துவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் மட்டுமே பேசும் பகுதியை நேரலையிலிருந்து எடுத்துவிடுங்கள். எஃப்5 பேமெண்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ் என்று விசைகளைக் காட்ட 8 நிமிட வீடியோ போதும். அதை முந்தைய நாளே அனுப்பி, ஒரே ஒரு வவுச்சரை (ஒரு வரவு செலவுப் பதிவை) பதிந்து ஸ்கிரீன்ஷாட்டை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பு அதில் வந்த தவறுகளிலிருந்தே தொடங்கட்டும். யாருடைய தவறு என்று மட்டும் காட்ட வேண்டாம். காட்டினால் அடுத்த வாரம் ஒருவரும் அனுப்பமாட்டார்கள்.

நேரலைக்கு 60 நிமிடம் போதும். தவறுகளுக்கு 15, புதிய பதிவைச் செய்துகாட்ட 10, குழு வேலைக்கு 25, விடை சரிபார்க்க 10. நான்கு பேராக ஆறு பிரேக்அவுட் அறைகள், அதாவது ஜூமுக்குள்ளேயே தனித்தனிக் குழு அறைகள் போடுங்கள். இருவர் மட்டும் உள்ள அறையில் ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் மற்றவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆறு பேர் என்றால் இருவர் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒருவர் திரையைப் பகிர்ந்து பதிய, மற்ற மூவரும் எந்த லெட்ஜர் (கணக்குத் தலைப்பு), டெபிட்டா கிரெடிட்டா என்று சொல்ல வேண்டும். செல்போனில் வருபவர்களும் இதனால் வேலையில் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் அறைக்கு இரண்டு கணினியாவது இருக்கும்படி முன்கூட்டியே ஆட்களைப் பிரித்துவையுங்கள். குழு செய்ய வேண்டிய கணக்கை பிடிஎஃப் ஆக முதலிலேயே அனுப்பிவிடுவது முக்கியம். வாயால் சொன்னது அறைக்குள் நுழைவதற்குள் மறந்துபோகும்.

"புரிந்ததா?" என்று கேட்டால் மௌனம்தான் பதில். "குளோசிங் பேலன்ஸை சாட்டில் அடித்து வையுங்கள், நான் சொல்லும்போது எல்லோரும் என்டர் தட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுத முடியாது. எத்தனை பேருக்குப் புரியவில்லை என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 'ஸ்கேல்' அளவை 150 சதவீதமாக்குங்கள். இல்லாவிட்டால் டேலியின் எழுத்து செல்போனில் படிக்கவே வராது. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும், அதுவும் குழு வேலையின் நடுவில். இலவச கூகுள் மீட் 60 நிமிடம் தந்தாலும் அதில் பிரேக்அவுட் அறை இல்லை.

கேள்வி: மாணவர்களின் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?
– வாசகர், தர்மபுரி

பதில்: நொடிக்கு 600 கிலோபிட் வீடியோ என்றால் மணிக்கு சுமார் 270 எம்பி. 80 கிலோபிட்டில் ஓடும் குரலுக்கு மணிக்கு 36 எம்பிதான். கேமராவைக் குழு வேலையின்போது மட்டும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாட்டு கற்பிக்கிறேன். என் தம்புரா நாதம் மாணவிக்குக் கேட்பதில்லை. சேர்ந்து பாடினால் தாளமும் தப்புகிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: விடாமல் ஒலிக்கும் நாதத்தை இரைச்சல் என்று எண்ணி ஜூம் வடிகட்டிவிடுகிறது. ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போடுங்கள். சேர்ந்து பாடுவதைக் கைவிடுங்கள். ஒலி போய்ச் சேர ஆகும் தாமதம் எந்த அமைப்பாலும் முற்றிலும் நீங்காது. நீங்கள் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாட, மாணவி திருப்பிப் பாடட்டும். தாளத்தை அவரே போடட்டும். தம்புரா அவர் பக்கத்தில், வேறொரு செல்போனில் ஒலிக்கட்டும். எதிரொலி நீக்கத்தையும் அணைத்திருந்தால் இருவருக்கும் ஹெட்ஃபோன் கட்டாயம்.