வேர் வெளியே வந்தால் சட்டி சிறிதாகிவிட்டதா?

கேள்வி: ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் செடி ஒன்றைப் பூவோடு வாங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. பூக்கள் இரண்டரை மாதம் நின்று உதிர்ந்தன. தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் கீழ் இலைகள் இரண்டும் சுருங்கித் தொங்குகின்றன. வேர்கள் சட்டிக்கு வெளியே நீண்டுவிட்டன. கடையில் கேட்டால், சட்டி போதவில்லை என்று சொல்லிப் பெரிய சட்டியும், ‘ஆர்க்கிட் மண்’ ஒரு மூட்டையும், வேர் ஊக்கி ஒரு புட்டியும் கொடுத்தார்கள். செடியை எப்போது மாற்றலாம்? வெளியே வந்த வேர்களை வெட்டிவிடலாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வெட்டாதீர்கள், அம்மா. உங்கள் செடியில் இப்போது உயிரோடு இருக்கும் வேர்கள் பெரும்பாலும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவைதாம். இந்தச் செடி காட்டில் மண்ணைத் தொடுவதே இல்லை. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விடும். புல்லுருவிபோல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. அதற்கு வேண்டியது பிடிமானம் மட்டும். வேரின் மேல் வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பட்டதும் நீரைக் குடித்துப் பச்சையாகும், உலர்ந்தால் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். அப்படிப்பட்ட வேர் சட்டியை விட்டு வெளியே வருவது இயல்பு. அதற்கும் சட்டியின் அளவுக்கும் தொடர்பில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை ஏன் சுருங்குகிறது? உள்ளே இருக்கும் வேர்கள் அழுகிவிட்டன. ஊற்றுகிற தண்ணீர் இலைக்குப் போய்ச் சேரவில்லை. செடிக்குத் தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுகிறோம், மிச்சமிருக்கும் வேரும் போகிறது. எனக்கு வரும் ஆர்க்கிட் கடிதங்களில் பாதி இந்தக் கதைதான்.

செடியை மெல்ல உருவிப் பாருங்கள். நடுவில் ஸ்பேக்னம் என்ற காய்ந்த பாசியின் உருண்டை ஒன்று ஈரத்தோடு இறுகிக் கிடக்கலாம். ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய கன்றைச் சிறு வயதில் பெரும்பாலும் அதில்தான் வைப்பார்கள். பசுமைக்குடிலில் தண்ணீரை அளந்து விடுவதால் அங்கே அது தொல்லை தராது. நம் வீட்டில் மேல்பக்கம் காய்ந்து தெரியும்போதும் அந்த உருண்டை நடுவில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

எப்போது மாற்றுவது? பொதுவாகப் பூ முடிந்து, புதிய வேர்களின் பச்சை நுனி எட்டிப் பார்க்கும் நேரமே நல்லது. அக்கினி நட்சத்திர வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் தவிர்ப்பேன். ஆனால் இந்த விதி நலமாக இருக்கும் செடிக்கு. அழுகல் என்றால் நாள் பார்க்காதீர்கள், இந்த வாரமே மாற்றுங்கள். ஆர்க்கிட்டுக்குச் சட்டி மாற்றுவது இடம் போதாததால் அன்று, உள்ளே வேரைச் சுற்றி நிரப்பியிருக்கும் பொருள், அதாவது ஊடகம், மக்கிப்போவதால்தான். பெரிய சட்டி உங்கள் செடிக்குக் கெடுதல். அழுகிய வேர்களை நீக்கிய பிறகு இப்போதிருக்கும் சட்டியே பெரிதாகத் தெரியும்.

அடுத்து அந்த மூட்டை. ஆர்க்கிட் மண் என்று ஒரு பொருளே கிடையாது. நான் பிரித்துப் பார்த்த மூட்டைகளில் தூளான தேங்காய்நார்க் கழிவும், ஒரு பிடி கரித்தூளும், சிலவற்றில் செம்மண்ணும் இருந்தன. நார்க் கழிவு தக்காளி நாற்றுக்கு அருமையான பொருள். இந்த வேரை அது மூச்சுத் திணறடித்துவிடும். அதைக் கத்தரிச் செடிக்குப் போடுங்கள். வேர் ஊக்கிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செத்த வேரை எந்த மருந்தும் எழுப்பாது. இது தெரிந்தே விற்பதை நான் வியாபாரம் என்று ஏற்க மாட்டேன்.

உங்கள் ஊரில் தேங்காய் மட்டைக்கா பஞ்சம்? காய்ந்த மட்டையை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். இனி நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து சுருக்காதீர்கள். மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கின்றன. உப்பங்கழியில் ஊறிய மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். துண்டுகளைத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் நீரை மாற்றி, ஐந்து நாள் ஊறவிடுங்கள். முதல் நாள் கட்டன் தேநீர் நிறத்தில் நீர் இறங்கும். அது தெளியும்வரை நிறுத்தாதீர்கள். குடிநீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் டி.டி.எஸ். மானி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது: ஊறிய நீரில் அது காட்டும் எண், நீங்கள் ஊற்றிய நீரில் காட்டும் எண்ணுக்கு அருகில் வர வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் ஒரே இரவு ஊறிய மட்டையில் என் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுகளை நட்டேன். மூன்று வாரத்தில் வேர் நுனி ஒவ்வொன்றாகக் கருகியது. நோய் என்று நினைத்துப் பூசணக்கொல்லி தெளித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செடிகள் கண்முன்னே போனது இன்றும் மனத்தில் இருக்கிறது.

இரண்டு பங்கு மட்டைக்கு ஒரு பங்கு அடுப்புக்கரித் துண்டு சேருங்கள். அடியிலும் பக்கவாட்டிலும் துளையிட்ட மண் சட்டி போதும்.

பாசியைக் குச்சியால் நெருடி முழுவதும் எடுத்துவிடுங்கள். வேரை நிறம் பார்த்து வெட்டாதீர்கள், விரலால் அழுத்திப் பாருங்கள். பழுப்பாக இருந்தாலும் கெட்டியாக இருப்பது நல்ல வேர். தொளதொளவென்று உரிந்து உள்ளே நரம்பு மட்டும் நிற்பது போய்விட்ட வேர். கத்தியைத் தீயில் காட்டிவிட்டு வெட்டுங்கள்; ஆர்க்கிட்டின் நச்சுயிர் (வைரஸ்) நோய்கள் பெரும்பாலும் கத்தி வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. வெட்டிய இடம் நிழலில் சில மணி நேரம் உலரட்டும். வெளியே இருந்த வேர்களைச் சட்டிக்குள் திணிக்காதீர்கள், காற்றுக்குப் பழகியவை உள்ளே போனால் அழுகும். செடி ஆடாமல் ஒரு குச்சியில் கட்டிவையுங்கள். ஆடினால் புது நுனிகள் உடையும்.

மூன்று நான்கு நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு சட்டிக்குள் உள்ள ஊடகம் உலர்ந்து, வெளி வேர்கள் வெள்ளி நிறத்துக்கு வந்தால் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் காலையில். இலைக் குருத்தில் நீர் தேங்க விடாதீர்கள். புது வேர் ஓடும்வரை உரம் கூடாது. பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம், ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

சுருங்கிய இலைகள் பழையபடி முழுமையாக நிமிராமல் போகலாம். அவற்றைக் கிள்ளாதீர்கள், அந்த இலைகளில் உள்ள நீரும் சத்தும் இப்போது செடிக்கு வேண்டும். உருவிப் பார்க்கும்போது ஒரு நல்ல வேர்கூட மிஞ்சவில்லை என்றால் கலங்காதீர்கள். கழுவிய மட்டைத் துண்டுகளை லேசாக நனைத்து ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்றில் பரப்பி, செடியை அதன் மேல் படுக்கவைத்து, மூடியைச் சற்றே திறந்து, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். குருத்து உயிரோடு இருந்தால் தண்டின் அடியில் பச்சை நுனி வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அது இரண்டு அங்குலம் நீண்ட பிறகு சட்டியில் நடுங்கள்.