சென்டிமீட்டர் நகர்வு விண்ணிலிருந்து தெரிவது எப்படி?

கேள்வி: நிலநடுக்கத்தில் தரை சில சென்டிமீட்டர் நகர்ந்ததைக்கூட ரேடார் செயற்கைக்கோள்கள் அளந்துவிடுவதாகப் படித்தேன். அந்தப் படங்களில் ஒரு புள்ளியே பல மீட்டர் அகலம் கொண்டதாயிற்றே, இது எப்படி இயலும்? அடுத்த நிலநடுக்கத்தையும் இவை முன்கூட்டிச் சொல்லுமா?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. ஐரோப்பாவின் சென்டினல்-1 வழக்கமாக எடுக்கும் படத்தில் ஏறத்தாழ 5 மீட்டருக்கு 20 மீட்டர் பரப்பைவிடச் சிறிய எதையும் பிரித்தறிய இயலாது. ஆனால், நகர்வு படத்தைப் பார்த்து அளக்கப்படுவதில்லை. தரையில் பட்டுத் திரும்பும் நுண்ணலையின் வலிமையோடு, அது தன் அலைவில் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதும் பதிவாகிறது. இயற்பியலில் இதைக் கட்டம் என்பர். நிலநடுக்கத்துக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து பெற்ற இரு பதிவுகளின் கட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மேடுபள்ளங்களாலும் சுற்றுப்பாதை சற்றே விலகியதாலும் வரும் வேறுபாட்டை நீக்கினால், எஞ்சுவது பெரும்பாலும் தரையின் நகர்வே. சென்டினலின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ.; அலை போய்த் திரும்புவதால், தரை அதில் பாதியளவு, அதாவது 2.8 செ.மீ., நகர்ந்தாலே கட்டம் ஒரு முழுச் சுற்று மாறிவிடும். ஒவ்வொரு சுற்றும் ஒரு வண்ணப்பட்டையாக வரையப்படுகிறது. பட்டைகளை எண்ணினால் நகர்வு கிடைத்துவிடும். கலிபோர்னியாவின் லாண்டர்ஸில் 1992 ஜூன் 28 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தின் பட்டைகள் மறுஆண்டு வெளியானபோதுதான் இம்முறையின் ஆற்றல் உலகுக்குப் புரிந்தது.

என்னைக் கேட்டால், ஈரானின் பாம் நகரமே இதற்குச் சிறந்த சான்று. 2003 டிசம்பர் 26 அன்று அந்நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்கு, ஏற்கெனவே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த பாம் பிளவே (நிலப்பாறைகள் ஒன்றையொன்று உரசி நகரும் வெடிப்பு) காரணமென்று எவரும் கருதியிருப்பர். என்விசாட் செயற்கைக்கோளின் தரவுகளோ, பெருநகர்வு நிகழ்ந்தது அதிலிருந்து விலகி, மேற்பரப்பில் தெளிவான தடயம் ஏதுமின்றிக் கிடந்த வேறொரு பிளவில் என்று காட்டின.

குறைகளும் உண்டு. ரேடார் அளப்பது செயற்கைக்கோளை நோக்கியோ அதனின்று விலகியோ நேர்ந்த நகர்வை மட்டுமே. இச்செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிச் சுற்றி, பக்கவாட்டில் பார்ப்பதால், வடக்கு தெற்கான நகர்வு சரியாகப் பிடிபடாது. காற்றிலுள்ள நீராவி அலையைத் தாமதப்படுத்தி, நகராத தரையையும் நகர்ந்ததாகக் காட்டிவிடக்கூடும். அடர்ந்த காட்டில் இலைகள் அசைந்து மாறுவதால் இரு பதிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நிசார் போன்ற செயற்கைக்கோள்கள், இலைகளை ஊடுருவ வல்ல சுமார் 24 செ.மீ. அலைநீளத்தையும் பயன்படுத்துவது இதனாலேயே. பிளவுக்கு மிக அருகில் நகர்வு பல மீட்டரானால் பட்டைகள் நெருங்கிக் குழம்பிவிடும். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று நேர்ந்ததைப் போன்ற பெரு நிலநடுக்கங்களில், படப்புள்ளிகள் இடம்பெயர்ந்த தொலைவையே நேரடியாக ஒப்பிட்டு அளக்கிறார்கள்.

முன்கூட்டிச் சொல்லுமா என்றால், சொல்லாது. பிளவின் இருபுறமும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தரை வளைந்து இறுக்கம் சேர்வதைப் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து கணக்கிடலாம். எந்தப் பகுதியில் ஆபத்து மிகுதி என்பதற்கு அது உதவும். அந்த இறுக்கம் எந்த நாளில் விடுபடும் என்பதை அப்பதிவுகள் எதுவும் காட்டுவதில்லை.