கோழியைத் திறந்துவிடுவதா, அடைத்து வைப்பதா?

கேள்வி: எங்கள் வீடு மலேசியாவில், பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசை. 16 கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் 5 போய்விட்டன. இனிமேல் கூட்டை விட்டு வெளியே விடாதே என்கிறார் வீட்டுக்காரர். அடைத்து வளர்த்தால் அது கம்பத்துக் கோழியா, அதற்குப் பாசாரில் (சந்தையில்) பிராய்லரே வாங்கித் தின்னலாம் என்கிறார் மாமியார். எதைச் செய்வது?

பதில்: மாமியாரிடம் பிறகு வருகிறேன். அந்த ஐந்தும் பகலில் போயினவா, இரவிலா? அதை நீங்கள் எழுதவில்லை. பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

காலையில் கூட்டுக்குள் இறகு சிதறி, தலையும் கழுத்தும் இல்லாத கோழி கிடந்தால் பெரும்பாலும் மூசாங் என்னும் மரநாய். மூன்று நான்கு கோழி கடிபட்டுச் செத்து, ஒன்றைக்கூடத் தின்னாமல் போட்டிருந்தால் தெருநாய். பகலில் முட்டை காணாமல் போனாலும், வாய்க்கால் ஓரம் மேய்ந்த குஞ்சு குறைந்தாலும் பியாவாக் என்னும் உடும்பைச் சந்தேகப்படலாம். குஞ்சு என்றால் காக்கை, பருந்து, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாமே உண்டு. ஓர் இறகுகூட இல்லாமல் முழுக்கோழி மாயமானால் மலைப்பாம்பு, இல்லையென்றால் மனிதன். தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் நான் மனிதனைத்தான் முதலில் நினைப்பேன். எலிக்காகத் தோட்டத்தில் பெட்டி கட்டி வளர்க்கும் கூகையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் சாப்பாடு எலி. வளர்ந்த கோழி பக்கம் வராது.

மலைப்பாம்பு விஷயத்தில் நானே பாடம் படித்தவன். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு விடியற்காலையில் கதவைத் திறந்தால் கோழிகள் எல்லாம் மேல் கம்பில் ஒண்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் நிற்கின்றன. கீழே மூலையில் பாம்பு, நடுவயிறு பானைபோல. வந்த வழியாகவே திரும்பப் பார்த்திருக்கிறது. வயிறு இடைவெளியில் சிக்கி, தகரத்தின் விளிம்பு வளைந்து போயிருந்தது. இப்படி நடந்தால் பாராங் கத்தியைத் தூக்காதீர்கள். மலைப்பாம்பும் பியாவாக்கும் 2010 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. தீயணைப்புப் படையான பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிட்டால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஆகவே இரவைப் பற்றிப் பேச்சே இல்லை: அடைத்துப் பூட்டத்தான் வேண்டும். கடையில் விற்கும் அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். நாயையும் மூசாங்கையும் வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் கம்பிவலை வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் ஒரு தடவைதான். வலையின் அடிப்பகுதியை ஓர் அடி ஆழம் மண்ணில் புதையுங்கள், அல்லது வெளிப்பக்கம் மடித்துத் தரையில் விரித்துக் கல் வையுங்கள். 11 கோழிக்கு இரவுக்கூடு 4 அடிக்கு 6 அடி போதும். உட்கார மொத்தம் 8 அடிக் கம்பு வேண்டும். கூரைக்குக் கீழே காற்று போகட்டும். நம் ஊர் வெக்கையில் மூடிய தகரப்பெட்டி கோழியை அவித்துவிடும்.

பகல்தான் சிக்கல். அதற்குக் காரணம் பாம்பு அல்ல, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டம். உதிரிப்பழம் பொறுக்கவும் மட்டைக்கு அடியில் புழு கிளறவும் கோழி அங்கேதான் ஓடும். அங்கே மரத்தடியில் எலிக்கு வைக்கும் மெழுகுக்கட்டி இருக்கும். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் விஷம் அது. உடைந்த துண்டைக் கொத்தினாலும், அதைத் தின்று செத்த எலியைக் கொத்தினாலும் ஆபத்து. கோழி உடனே விழாது. சில நாள் கழித்துச் சோர்ந்து, கொண்டை வெளுத்துச் சாகும். சாகாமல் தப்பிய கோழியிலும் கேடு உண்டு: மருந்தின் எச்சம் ஈரலில் வாரக்கணக்கில் தங்கும். அந்த ஈரலைத்தான் நாம் பிள்ளைக்கு எடுத்து வைக்கிறோம். இதோடு களைக்கு மருந்தடிப்பும் இருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். மற்ற மருந்துகள் நிற்கவில்லை. எலிமருந்து வைக்கும் நாளையும் மருந்தடிக்கும் நாளையும் தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் கோழி வெளியே போகவே கூடாது.

மற்ற நாளில் நான் சொல்வது சாயங்கால அவிழ்ப்பு. கூட்டை ஒட்டிக் கோழிக்கு 10 சதுர அடி வீதம், அதாவது சுமார் 10 அடிக்கு 11 அடி, வலை கட்டிய முற்றம் போடுங்கள். காலை முழுக்க அங்கேயே இருக்கட்டும்; முட்டை வாய்க்கால் புதரில் போகாமல் வீட்டிலேயே விழும். சாயங்காலம் நாலரை மணிக்குத் திறந்துவிடுங்கள், நீங்களும் பின்வாசலில் இருங்கள். ஏழு மணிக்கு முன்னால் டப்பாவைத் தட்டித் தீனி போட்டால் தானாக ஓடி வரும். பகலில் வயிறு முட்டத் தீனி வைத்தால் இந்த வித்தை பலிக்காது. புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியாக அடைத்து நோயில்லை என்று பார்த்து, அப்புறம் கூட்டத்தில் சேருங்கள். குஞ்சுகளை இரண்டு மாதம்வரை வெளியே விடவேண்டாம்.

இப்போது மாமியார். பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் சட்டிக்கு வருகிறது. கம்பத்துக் கோழிக்கு நாலைந்து மாதம் ஆகிறது. ருசி அந்த வயதிலும் இனத்திலும் நடையிலும் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் கிளறித் திரிகிற கோழி அதையெல்லாம் இழந்துவிடாது. முற்றத்தில் தினமும் கங்கோங் கீரைக் கட்டு ஒன்று தொங்கவிட்டால் மஞ்சள் கருவும் நிறமாக இருக்கும். கெராங் சிப்பி ஓட்டைக் காயவைத்து இடித்துப் போட்டால் முட்டை ஓடு கெட்டிப்படும்.

வெள்ளைக்கழிச்சல், அடைத்தாலும் விட்டாலும் வரும். அதற்குத் தடுப்பு மருந்துதான் வழி. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள். பறவைக் காய்ச்சலும் நமக்குப் புதிதல்ல. 2004-இல் கிளந்தான், 2006-இல் கோம்பாக், 2007-இல் சுங்கை பூலோ என்று கம்பத்துக் கோழிகளில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே சமயத்தில் பல கோழி செத்தால் அறுக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் கொடுக்காதீர்கள். அதே அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இன்று சாயங்காலமே கூட்டைச் சுற்றி நடந்து, நாலு விரல் நுழைகிற இடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூடும்போது எண்ணுங்கள். 11 இருக்க வேண்டும்.