வீட்டில் பீர் காய்ச்ச எலக்ட்ரிக் கெட்டிலை நாமே செய்துகொள்ள முடியுமா? எத்தனை வாட் எலிமென்ட் வேண்டும்?

முடியும். நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். நான்கு வருடமாக நானே செய்த கெட்டிலில்தான் காய்ச்சுகிறேன். இங்கே 1963 பட்ஜெட்டிலேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதை நீக்கிவிட்டார்கள். நம் வீட்டுக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம்.

வாட் கணக்கு எளிதுதான். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறவைத்து வடித்த சாறு, அதாவது வோர்ட், 27 லிட்டர் இருக்கிறது, சூடு 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதி வர இன்னும் 35 டிகிரி ஏற வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் பிடிக்கும். ஆக மொத்தம் 4,000 கிலோஜூல் அளவில் வரும். 2.4 கிலோவாட் எலிமென்ட் அதை 28 நிமிடத்தில் முடிக்கும். பாத்திரத்தின் பக்கவாட்டில் போகிற சூட்டையும் சேர்த்தால் எனக்கு 35 நிமிடம் ஆகிறது. 240 வோல்ட்டில் அது 10 ஆம்ப் இழுக்கும், இங்குள்ள 13 ஆம்ப் பிளக்குக்குள் அடங்கிவிடும். 23 லிட்டர் பீருக்கு அது தாராளம். அவசரப்பட்டு இரண்டு எலிமென்ட் போடுவதானால் இரண்டுக்கும் தனித்தனி பிளக், தனித்தனி சாக்கெட். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் சொருகினால் வயர் சூடேறி உருகலாம்.

பாத்திரம் 33 லிட்டர் எவர்சில்வர். எலிமென்ட்டை மாட்ட அதில் துளை போடுவதுதான் பொறுமை கேட்கிற வேலை. முதலில் சிறு துளை, பிறகு துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கும் ஸ்டெப் டிரில், வேகம் குறைவாக, நடுநடுவே எண்ணெய்ச் சொட்டு. எலிமென்ட் பாத்திரத்தின் அடியைத் தொடாமலும், சாறு எப்போதும் அதை மூடி நிற்கும் உயரத்திலும் இருக்க வேண்டும். துளையின் விளிம்பை அரத்தால் நன்றாக ராவுங்கள். நான் அதை அரைகுறையாக விட்டேன்.

முதல்முறை எல்லாம் மாட்டி முடித்து என் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எலக்ட்ரீஷியன். பாத்திரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எர்த் எங்க மாப்ள?" என்றார். எலிமென்ட்டுக்கு மட்டும் எர்த் கொடுத்திருந்தேன், பாத்திரத்துக்குக் கொடுக்கவில்லை. அங்கேயே நின்று, பாத்திரத்தில் ஒரு போல்ட் போட்டு எர்த் வயரை இறுக்க வைத்தார். கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.டி. இல்லாமல் சுவிட்சைத் தொடாதே என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை காய்ச்சும்போது, கொதி வந்து பத்து நிமிடத்தில் 'டக்' என்று ஆர்.சி.டி. ட்ரிப் ஆனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். எலிமென்ட் நட்டுக்குக் கீழே பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கோடு கனெக்டர் வரை இறங்கியிருந்தது. ராவாமல் விட்ட பிசிறு சிலிக்கோன் வாஷரைக் கீறியிருக்கிறது. அந்த எர்த்தும் ஆர்.சி.டி.யும் இல்லாதிருந்தால், துடுப்பால் கிளறப் போன என் கையில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ஆகவே எத்தனை வாட் என்பதற்கு முன் எர்த்தைக் கேளுங்கள். கரண்ட் கொடுப்பதற்கு முன் பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். வெளிப்பக்கத்தில் டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்தால் காலையில் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். ஆர்.சி.டி.யின் டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, அடிப்பிடிப்பது. வோர்ட் சர்க்கரைச் சாறு. மாவுத் தூள் கலந்து வந்தால் எலிமென்ட்டில் பால் அடிப்பிடித்தது போலக் கறுத்துக்கொள்ளும், பீர் முழுக்கத் தீய்ந்த வாசனை ஏறும். வடியும் முதல் இரண்டு லிட்டரைத் திரும்ப மால்ட் மேலேயே ஊற்றி, தெளிந்து வந்த பிறகு கெட்டிலுக்கு விடுங்கள். தண்ணீர் சுடவைக்கும் மலிவான கெட்டிலிலிருந்து கழற்றிய எலிமென்ட் என்றால் இது இன்னும் முக்கியம். கறுத்தால் சூடு அதிகமாகி, அதிலுள்ள கட்-அவுட் பாதிக் கொதியில் அணைத்துவிடும்.

கொதிக்கும்போது மூடி போடாதீர்கள். வேகவைத்த சோள வாடை தரும் டி.எம்.எஸ். ஆவியோடு வெளியேற வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் எனக்கு மூன்று லிட்டர் வற்றும், அதையும் கணக்கில் வைத்து ஊற்றுங்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போடும் நேரத்தில் நுரை பொங்கி வழியும். கையைச் சுவிட்சின் பக்கத்திலேயே வைத்திருங்கள்.