படத்துல இருக்கிற பறவை யாரு? ஆப்பிரிக்கா ஸ்பெஷல் கேள்வி பதில்

ஆப்பிரிக்காவுல எடுத்த பறவை போட்டோ இருந்தா அனுப்புங்க, சும்மா ஜாலியா கண்டுபிடிச்சு விளையாடலாம்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், இன்பாக்ஸ் ரொம்பிடுச்சு. சிலர் சிங்கம் படமும் அனுப்பியிருக்கீங்க, அது சிங்கம்தான், அதுல சந்தேகமே இல்ல.

கேள்வி: மசாய் மாராவுல லாட்ஜ் வாசல்லயே எடுத்த ரெண்டு போட்டோ சார். ரெண்டுலயும் நீல முதுகு, ஆரஞ்சு வயிறு. ஒண்ணு ஆண், ஒண்ணு பொண்ணுன்னு வீட்டுக்காரர் சொல்றார். ரெண்டும் வேற வேற பறவைன்னு நான் சொல்றேன். யார் சரி?

நீங்கதாம்மா சரி. சூப்பர்ப் ஸ்டார்லிங்ல (நம்ம மைனாவோட சொந்தக்காரப் பறவை) ஆணும் பொண்ணும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால வீட்டுக்காரர் கணக்கு ஆரம்பத்துலயே அடிபட்டுப் போகுது. முதல் படத்துல கண்ணு வெள்ளை, நீல நெஞ்சுக்கும் ஆரஞ்சு வயித்துக்கும் நடுவுல ஒரு வெள்ளைக் கோடு, அதுதான் சூப்பர்ப். ரெண்டாவதுல கண்ணு சிவப்பு, கோடே இல்ல, அது ஹில்டபிராண்ட்ஸ் ஸ்டார்லிங். ஒரு விஷயம், சூப்பர்ப் குஞ்சுக்குக் கண்ணு கருப்பாத்தான் இருக்கும், அப்போ வாலுக்கு அடியில பாருங்க, வெள்ளையா இருந்தா சூப்பர்ப், செம்பழுப்பா இருந்தா ஹில்டபிராண்ட்ஸ். முதுகோட நீலத்தை மட்டும் நம்பவே நம்பாதீங்க, வெயில் படுற கோணம் மாறினா ஒரே பறவை பச்சையாவும் தெரியும் கருப்பாவும் தெரியும்.

கேள்வி: ஜனவரியில க்ரூகர் பார்க்ல எடுத்த பிரவுன் கழுகு. கூட வந்த கைடு டானி ஈகிள்னார், மொபைல் ஆப் ஸ்டெப்பி ஈகிள்னு சொல்லுது. எதை நம்ப?

இந்தத் தடவை ஆப் ஜெயிச்சிருச்சு. டானி ஈகிள் வெளுத்த க்ரீம் கலர்ல இருந்து கரும்பழுப்பு வரைக்கும் எல்லா கலர்லயும் வரும், அதனால கலரை ஓரமா வச்சுட்டு வாயை ஜூம் பண்ணுங்க. வாயோரத்துல மஞ்சளா ஒரு கோடு ஓடுது பாருங்க, அது கண்ணோட நடுப்பகுதிக்குக் கீழயே நின்னா டானி, கண்ணோட பின்னோரம் வரைக்கும் போனா ஸ்டெப்பி. உங்க படத்துல நல்லா தடிமனா பின்னோரம் வரைக்கும் போகுது. மாசமும் ஒத்துப் போகுது, ஸ்டெப்பி கூடு கட்டுறது ரஷ்யா, மத்திய ஆசியா பக்கம், அங்க குளிர் வந்தாதான் தெக்க கிளம்பும். நீங்க ஜூலைல எடுத்ததுன்னு சொல்லியிருந்தா நான் டானி பக்கம்தான் சாஞ்சிருப்பேன். இவ்ளோ பெரிய கழுகு க்ரூகர்ல மழை பேஞ்ச பிறகு தரையில நடந்து நடந்து ஈசல் பொறுக்கித் தின்னும், நம்ப முடியுதா! நம்ம ராஜஸ்தான்ல பிகானேர் பக்கத்துல ஜோர்பீருக்கும் இதே இனம் குளிர்காலத்துல வந்து செத்த மாட்டைத் தின்னுட்டு இருக்கும்.

கேள்வி: நைரோபியில வேலை பாக்கிறேன். புல் நுனியில உக்காந்திருந்த சின்ன பிரவுன் குருவி, முதுகுல கோடு கோடா இருக்கு. படம் செம ஷார்ப். பேர் சொல்லுங்க.

படம் ஷார்ப்தான் தம்பி, ஆனா பேர் சொல்ல மாட்டேன். இது சிஸ்டிகோலா, அது வரைக்கும் உறுதி. இந்த வகையில கிட்டத்தட்ட 50 இனம், பெரும்பாலும் ஆப்பிரிக்காவுலதான், பாதிக்கு மேல ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு பல இனத்துல இனப்பெருக்க சீசன்ல ஒரு டிரெஸ், மத்த நேரம் வேற டிரெஸ், வால் நீளம்கூட மாறும். பழைய ஆளுங்களே குரலை வச்சுத்தான் பிரிச்சாங்க, பேரைப் பாத்தாலே தெரியும், ராட்லிங், சிங்கிங், க்ரோக்கிங், வெயிலிங், எல்லாமே அது போடுற சத்தம்தான். அடுத்த தடவை கேமரா எடுக்கிறதுக்கு முன்னாடி போன்ல ஒரு அரை நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிடுங்க, அது சதுப்புல இருந்துச்சா, காஞ்ச புதர்லயா, மலை உயரத்துலயான்னும் எழுதி வைங்க. மலைக்காட்டு ஓரத்துல ஜோடியா சேர்ந்து கச்சேரி பண்ணுச்சுன்னா ஹன்டர்ஸ் சிஸ்டிகோலான்னு தைரியமா சொல்லிடுவேன். இதுல ஜிட்டிங்னு ஒண்ணு நம்ம ஊரு வயல்லயும் இருக்கு, விசிறிவால் கதிர்க்குருவின்னு சொல்றோமே, அதேதான். என்னைக் கேட்டா "சிஸ்டிகோலா, இனம் தெரியல"ன்னு எழுதுறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல, அடிச்சு விடுறதுதான் தப்பு.

கேள்வி: தென்னாப்பிரிக்காவுல ஒரே மரத்துல ரெண்டு கருப்புக் குருவி. ரெண்டும் கரிச்சான்தானே?

ஒண்ணுதான் கரிச்சான். வால் நல்லா பிளந்து கண்ணு சிவப்பா இருக்கிறது ஃபோர்க்-டெயில்ட் ட்ராங்கோ. வால் நுனி கிட்டத்தட்ட நேரா வெட்டின மாதிரி, கண்ணும் டார்க்கா இருக்கிறது சதர்ன் பிளாக் ஃப்ளைகேட்சர். வாயோரம் மஞ்சளா, வால் நுனி உருண்டையா இன்னொண்ணு மாட்டுச்சுன்னா அது பிளாக் குக்கூஷ்ரைக் ஆணு, அதையும் அனுப்புங்க.

அடுத்த இதழுக்கு உங்களுக்கு ஒரு புதிர். நமீபியா எட்டோஷாவுல காஞ்ச மர உச்சியில ஒரு பெரிய கழுகு, தலையும் நெஞ்சும் கருப்பு, வயிறு வெள்ளை, கண்ணு மஞ்சள். மார்ஷல் ஈகிளா, பிளாக்-செஸ்டட் ஸ்நேக் ஈகிளா? வயித்துல புள்ளி இருக்கா, கால்ல இறகு விரல் வரைக்கும் இறங்குதான்னு படத்தை ஜூம் பண்ணிப் பாத்துட்டு காரணத்தோட எழுதுங்க, பேர் மட்டும் எழுதினா மார்க் கிடையாது.